பலகை மான்

பலகையில் வரைந்த கலைமானை முன்னால் பிடித்துக்கொண்டு சன்னாசி புல்வெளியில் தவழ்ந்தான். பின்னால் துப்பாக்கியோடு அவன் அக்கா புருஷன் விருமன் வந்தான். தன் பெண்மான்களைக் கவர இன்னொரு ஆண் வந்துவிட்டதென்று நம்பி, மந்தையின் கலைமான் பாய்ந்து வந்தது. வெடிச்சத்தத்துக்காகச் சன்னாசி காத்திருந்தான். கொம்புதான் வந்தது. பலகை பிளந்தது. மல்லாந்து கிடந்தவனை முகர்ந்து பார்த்த மான், மனித வாடையில் மிரண்டு ஓடிப்போனது.

சன்னாசி உடம்பைத் தடவிப் பார்த்தான். சட்டை மட்டும்தான் கிழிந்திருந்தது.

“ஏன் மச்சான் சுடல?”

“மானுக்கு நேரா உன் தலை இருந்துச்சு மாப்ளே.”

துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுக்க விருமன் இரண்டு தடவை முயன்றும் முடியவில்லை. சன்னாசியே வாங்கி எடுத்தான். பிறகு மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.