வெட்டிய ஓரம்

கடைவளாகத்தில் துப்பாக்கியால் சுட்டவனின் முகத்தையோ பெயரையோ ஆவணப்படத்தில் காட்டக் கூடாது என்பதில் எடிட்டர் பிடிவாதமாக இருந்தாள். இறந்தவர்களைப் பற்றிய படத்தில் அவனுக்கு எதற்கு விளம்பரம்? கண்காணிப்புக் கேமரா காட்சியில் அவன் நின்ற ஓரத்தை வெட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தாள்.

குண்டு பாய்ந்து இறந்த செருப்புக்கடைப் பெண் சுருண்டு விழும் இடம் வந்தது. அவள் விழவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வழியே வெளியே போனாள்.

எடிட்டர் மறுபடி ஓட்டிப் பார்த்தாள்; மறுபடியும் அப்படியே போனாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மாலையில் அந்தப் பெண்ணின் அம்மா போனில் கூப்பிட்டார்.

“பொண்ணு இறந்துட்டாள்னு பேட்டியில சொன்னேன்ல, அதை எடுத்துடும்மா. அவ வந்துட்டா.”

“யாரும்மா போன்ல?” என்று அவருக்குப் பின்னால் ஓர் இளம் குரல் கேட்டது.

மறுநாள் படத்தைப் பார்த்த தொலைக்காட்சி நிர்வாகி முகம் சுளித்தார். “கொன்னவன் மூஞ்சியக் காட்டலைன்னா எவன் பார்ப்பான்?”

“அந்த ஓரத்தை மட்டும் தொடாதீங்க சார்” என்று எடிட்டர் மல்லுக்கட்டினாள், கெஞ்சியும் பார்த்தாள். இயக்குநர் அவளிடம் சரியென்று தலையாட்டிவிட்டு, அவள் மதியம் வெளியே போன சமயத்தில் அதைத் திரும்பச் சேர்த்துவிட்டார்.

அவள் படியேறி வருவதற்குள் போன் அடித்தது. அதே அம்மா.

“சாப்பிட்டுக்கிட்டு இருந்தாம்மா. யாரோ கூப்பிட்ட மாதிரி பாதியில எழுந்து போயிட்டா. அங்க வந்தாளா?”

எடிட்டர் ஓடிப்போய்க் காட்சியைத் திறந்தாள். ஓரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். வாசல் வழியே அந்தப் பெண் உள்ளே வந்தாள். சாப்பிட்ட கை உடையில் படாமல் தள்ளிப் பிடித்தபடி, கழுவ இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தாள்.