நாலாவது அடுக்கு

"பருத்தி பனியன் ஆகவே ஆகாது, நேடீன்! வேர்த்தா அப்படியே ஈரமா ஒட்டிக்கிட்டு ஆளை விறைக்க வச்சிடும்," என்றான் லேலண்ட். "உள்ளே மெல்லிசுக் கம்பளி, அது மேல ஸ்வெட்டர், அதுக்கும் மேல மழைக்கோட்டு. செப்டம்பர் மாசத்து ஐடஹோ மலைன்னா சும்மாவா?"

எல்க் மான் வேட்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவன் மனைவி கேட்கிற பிரசங்கம் இது. ஒவ்வொரு வருடமும் அவன் திரும்புவது வெறுங்கையோடுதான்.

"துணியெல்லாம் நான் துவைச்சுத் தரட்டுமா?"

"ஐயோ, தொடாதே! வாசனையில்லாத சோப்புல நானே அலசிக்கறேன். கொஞ்சம் வாசம் காத்துல போனாலும் மான் மோப்பம் பிடிச்சு ஓடிடும்."

"அப்புறம் ஏன் ஒண்ணுகூட மாட்டலை?"

"உனக்கென்ன தெரியும்? கொட்டற பனியில நாள் பூரா பாறை மறைவுல ஆடாம அசையாம உட்கார்ந்து பாரு!"

நேடீன் அலமாரியிலிருந்து அவனுடைய நீச்சல் டவுசரை எடுத்து, துணி அடுக்கின் மேல் வைத்தாள்.

லேலண்ட் அதை அவசரமாகக் கையில் எடுத்தான். "இது... இது எதுக்கு?"

"எல்லாத்துக்கும் அடியில போட்டுக்க. போன தடவை வந்தப்போ உன் மேலெல்லாம் மலை வெந்நீர் ஊத்தோட கந்தக நாத்தம். மானுக்கு மட்டுந்தான் மூக்கு இருக்குன்னு நினைச்சியா?"