காயமில்லாத விரல்

விஜயலக்ஷ்மி அரிவாள்மணையில் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தபோது, தம்பி ஜம்பு வந்து வலது கையின் ஆள்காட்டி விரலை நீட்டினான்.

"இதைக் கொஞ்சம் கட்டி விடு அக்கா."

வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஃபைனலுக்குக் கிளம்பிய கோலம்தான். முகம்தான் எங்கோ கிளம்பிப் பாதி வழியில் நின்றுவிட்டது போலிருந்தது.

அவள் பழைய வேஷ்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்தாள். மஞ்சள் டப்பாவை இறக்கினாள். விரலைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கேடா காயம்?"

"கட்டினப்புறம் யார் பாக்கப் போறா?"

அப்போதுதான் நேற்றுச் சாயங்காலம் வந்துபோன மனிதர் அவள் நினைவுக்கு வந்தார்.

இன்று ஜம்புவின் டீமான மாட்டுங்கா பையன்களை எதிர்த்து ஆடப்போகிற கப்பல் கம்பெனியின் ஹெட் கிளார்க். காபி குடித்தார். ஜம்புவை மாடிப்படிக்கு அழைத்துப் போய்த் தனியாகப் பேசினார். விடைபெறும்போது அவளைப் பார்த்து, தம்பி கெட்டிக்காரன், சீக்கிரமே எங்கள் ஆபீஸில் பர்மனென்ட் ஆகிவிடுவான் என்றார்.

அவள் சந்தோஷப்பட்டாள். டம்ளரைக் கழுவும்போது ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

யுத்தம் முடிந்ததிலிருந்து, யுத்தத்துக்காகத் திறந்த ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஜம்புவின் ஆபீஸுக்கு இந்த மாதத்தோடு சரி. அப்பா ரிடையர் ஆகிவிட்டார். வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

இந்த விரல் திருகி விட்ட பந்து தரையில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பது கப்பல் கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் இந்த விரல் இன்று மைதானத்துக்கு வரக் கூடாது.

அவள் எழுந்தாள். அடுப்பு வரை போனாள். கொதிக்காத சாம்பாரைக் கிளறிவிட்டுத் திரும்பி வந்தாள். விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"நான் ஒருத்தன் இல்லேன்னா என்ன குடி முழுகிப் போறது? மௌலி இருக்கான். அவன் நின்னு அடிச்சா நம்மதான் ஜெயிப்போம்."

சந்திரமௌலி அவர்களுடைய காப்டன். ஆபீஸிலும் ஜம்புவுக்குப் பக்கத்து நாற்காலி. அந்த நாற்காலிக்கும் இந்த மாதத்தோடு சரி.

இவனுக்கு வேலையும் வேண்டும், ஷீல்டும் வேண்டும். தோற்பதற்கு ஒப்புக்கொண்டுவிட்டு, ஜெயிப்பதை மௌலியின் தலையில் கட்டிவிட்டுப் போகிறான்.

மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லிவிடலாம். சம்பளம் வராத ஒன்றாம் தேதி இதே அடுப்புக்கு முன்னால் உட்காரப் போவதும் அவள்தான். அந்த நினைப்பு வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"உங்களுக்காகத்தானே அக்கா" என்றான் அவன்.

சுருக்கென்றது.

பத்து வயதிலிருந்து இந்தத் தெருவில் பந்து வீசுகிறான். யாருக்காகவும் வீசியதில்லை. பசிக்கும்போதும் வீசினான், பரீட்சைக்கு முதல் நாளும் வீசினான். வீசியதெல்லாம் அவனுக்காக. வீசாமல் இருப்பது மட்டும் எப்படி எங்களுக்காக ஆயிற்று?

"உங்களுக்காகன்னு சொல்லாதே. 'எனக்காக'ன்னு சொல்லு. கட்டறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். குழந்தையாக இருந்தபோது கசப்பு மருந்தைப் பார்த்த பார்வை அது.

கீழே தெருவிலிருந்து மௌலியின் குரல் வந்தது. "அரே ஜம்பு! மேலே என்ன, மாப்பிள்ளை அழைப்பா நடக்கறது? இறங்கி வாடா!"

எப்போதையும்விட உரக்கக் கத்தினான்.

"எனக்காகத்தான்" என்றான் ஜம்பு. உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

அவள் கட்டத் தொடங்கினாள்.

இல்லாத காயத்துக்கு எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்று தெரியவில்லை. தளர்வாகக் கட்டினால் பொய் தெரிந்துவிடும். இறுக்கினால் அவனுக்கு வலிக்கும். வலிக்கட்டும் என்று ஒரு சுற்று இறுக்கினாள். அடுத்த சுற்றைத் தளர்த்தினாள். முடிச்சுப் போட்டாள்.

துணி ரொம்ப வெள்ளையாக இருந்தது.

பீட்ரூட் சாறு படிந்த கட்டைவிரலை அந்த வெள்ளையின் மேல் மெதுவாக ஒற்றினாள்.

அவன் அதைக் கேட்கவில்லை. அவளாகத்தான் செய்தாள். செய்து முடித்த பிறகு அந்தச் சிவப்பை இருவரும் பார்த்தார்கள். ஜம்பு சட்டென்று கையை இழுத்துக்கொண்டு படியிறங்கினான்.

அவளால் உள்ளே இருக்க முடியவில்லை. பால்கனிக்கு ஓடினாள்.

கீழே மௌலி கேட்டில் சாய்ந்து நின்றிருந்தான். ஜம்பு அவன் எதிரே போய்க் கையைத் தூக்கிக் காட்டினான்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எப்போதடா அடிபட்டது என்று கேட்பான். நேற்றுப் பார்த்தேனே என்பான். கட்டைப் பிரி என்பான். பிரித்துவிடட்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டாள். பிரிக்க வேண்டாம் என்று அடுத்த கணம் வேண்டிக்கொண்டாள்.

மௌலி ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகத்தில் கோபம் வரவில்லை. தூக்கி வந்த மூட்டையை இறக்கி வைத்தவன்போல ஒரு பெருமூச்சு விட்டான்.

"போறது விடுடா" என்று ஜம்புவின் தோளில் தட்டினான். பிறகு குனிந்து தன் பேண்ட்டைச் சற்றே தூக்கினான். கணுக்காலில் அகலமாக, புதிதாக, ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. "எனக்கும் சுளுக்கிண்டுடுத்து. இன்னிக்கு நானும் ஆடலை."

எப்போது, எப்படி என்று ஜம்புவும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மைதானத்தை நோக்கி நடந்தார்கள். பால் வண்டி நின்ற இடம் வரை மௌலி விறுவிறுவென்று நேராகத்தான் நடந்தான்.

அதைத் தாண்டியதும் நொண்டத் தொடங்கினான்.