மந்திரித்த சார்ஜர்

கண்டக்குழி மாதா கோயிலடி வீதியில் மின்சார வாகனங்களுக்கான சார்ஜர் திறப்பு விழா. முதல் ஆட்டோவை அதில் மாட்டி, ஃபாதர் மந்திரித்துக்கொண்டு நிற்கையிலேயே மெசின் டப்பென்று நின்றுவிட்டது. சனம் சிரித்தது.

மீனவர் சங்கத் தலைவர் பஸ்தியானுக்கு முகம் சிவந்தது. "என்ன பிள்ள இது? ஊருக்கு முன்னால மானத்த வாங்கிட்டியே! ஏர்த் போதாது, ஏர்த் போதாது எண்டு காஞ்ச மணலத் திரும்பத் திரும்பத் தோண்டி, ஈரம் காணுமட்டும் செம்புக் கம்பி இறக்கினியே, அதெல்லாம் இதுக்கா?"

வேலையைச் செய்த எலக்ட்ரீசியன் ஷானிகா சார்ஜர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அங்கிள், இந்தக் கதவத் திறந்தது ஆரு?"

"நான்தான். புது மீன்பிடிப் போட்டுக்கு எஞ்சின் மூடியத் திறந்துதானே தீர்த்தம் தெளிக்கிற? அதான் ஃபாதரிட்ட, உள்ளுக்கும் நல்லா மந்திரிங்க எண்டன்."

"கரண்ட் இருக்கக்குள்ளயா?"

பஸ்தியான் திரும்பிப் பார்த்தார். உள்ளே வயர்களிலிருந்து தீர்த்தம் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபாதர் இன்னும் ஒரு கையை அந்த இரும்புப் பெட்டியில் ஊன்றியபடி, நனைந்த மணலில் வெறுங்காலோடு நின்றார்.

"கரண்ட் அவரப் பிடிக்க முதல் என்ட ஏர்த் அதப் பிடிச்சு மண்ணுக்குள்ள இறக்கிட்டு. அதான் கரண்டத் தானா நிப்பாட்டுற ட்ரிப் சுவிட்ச் விழுந்தது," என்றாள் ஷானிகா. "மெசின் நிக்காட்டி, இப்ப கோயில்ல துக்க மணிதான் அடிச்சிருக்கும்."

பஸ்தியான் ஃபாதரின் கையைப் பிடித்து மெல்லப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு, கொளுத்தாத வெடிக்கட்டோடு நின்ற பொடியன்களைப் பார்த்துக் கத்தினார்:

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? கொளுத்துங்கடா வெடிய! மெசின் நிண்டுட்டு!"