துண்டுக்கு அடியில் கலைவாணன்

துண்டுக்கு அடியில் சுப்பையன், மன்சூர் அலியின் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். விட்டு, ஒரு விரலை மட்டும் மறுபடி அழுத்தினார்.

விரலுக்குப் பத்து. ஆக அறுபது.

மாட்டுச் சந்தையில் இப்படித்தான் விலை பேசுவார்கள். மன்சூர் அலியின் ஜவுளிக்கடையில் இப்போது பேசப்பட்டது மாடு அல்ல; பட்டினச்சேரிக் கலைவாணனின் வரப்போகும் சீசன்.

காரைக்கால் கடைத்தெருவில் சுப்பையன், மன்சூர் அலி உட்பட நான்கு கடைக்காரர்கள் வருஷா வருஷம் ஆடும் காகித டீம் ஆட்டம் அது. உள்ளூர் லீக்கில் கால்பந்து ஆடும் பையன்களைத் தங்கள் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கு நூறு புள்ளி கைமுதல்; பையன்களை வாங்குவதும் விற்பதும் அதில்தான். பையன் மைதானத்தில் ஒரு கோல் போட்டால், காகிதத்தில் அவனை வைத்திருப்பவருக்கு மூன்று புள்ளி. பையன்களுக்கு இது எதுவும் தெரியாது.

தோற்ற மூவரும் ஜெயித்தவருக்கு பிரியாணி போட வேண்டும். பிரியாணி கிடக்கட்டும், அடுத்த சீசன் வரை அவர் வாயைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடு.

கலைவாணன் போன வருஷம் சுப்பையன் காகிதத்தில் இருந்தான். பதினாலு கோல். வயது இருபத்திரண்டு, இரண்டு காலிலும் அடிப்பான், விடியலில் படகு, மாலையில் பந்து. இந்த சீசன் இருபதுக்குக் குறையாது என்பது மன்சூர் அலியின் மதிப்பு.

அதனால்தான் முகத்தைச் சுளித்தார். எடுக்க நினைத்த புடவையில்தான் முதலில் கறை தேட வேண்டும் என்று பழகிய வியாபாரி அவர்.

“அட போங்க சுப்பையன், வலது முட்டி போன கலைவாணனுக்கு இவ்வளவு வெலையா? நேத்து சாயங்காலம் பார்த்தேன், ஓரமா ஒக்காந்து எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுக் கெடந்தான். நடக்குறப்ப காலை இழுக்குறான். வெளில காட்டிக்க மாட்டேங்கிறான், அவ்வளவுதான்.”

நேற்று சாயங்காலம் அவர் பார்த்தது வேறு. மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போய் கோல் போட்டுவிட்டு, மூச்சு வாங்காமல் திரும்பி வந்தான் கலைவாணன்.

எப்போதும் மல்லுக்கு நிற்கும் சுப்பையன் அன்றைக்கு இறங்கிக்கொண்டே வந்தார். நாற்பது. இருபத்தைந்து. கடைசியில் ஒரு விரலும், அடுத்த விரலில் பாதியும்.

பதினைந்து. துண்டை உதறியபோது, தன் நாக்குக்கு இன்னும் வயதாகவில்லை என்று மன்சூர் அலி பூரித்துப்போனார்.

பெஞ்சில் உட்கார்ந்து கைலி பார்த்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர் எதுவும் எடுக்காமலே எழுந்தார்.

“நல்ல நேரத்துல சொன்னீங்க பாய். மெட்ராஸ்ல எங்க கம்பெனி டீமுக்கு ஒரு ஆள் எடுக்கணும், வேலையோட. இந்தக் கலைவாணனா, கடலூர்ப் பையனான்னு கொழம்பிட்டு, இவன்கிட்டதான் நாளைக்குக் கையெழுத்து வாங்கறதா இருந்தேன். முட்டி போனவனை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?”

சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

போன வாரம்தான் கலைவாணனின் தாய் பங்கஜவல்லி, மீன் கூடையை இந்தக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பேண்ட் துணி விலை கேட்டுப் போயிருந்தாள். மகனுக்கு வேலை வந்தால் எடுக்கவேண்டுமாம். இப்போதே இல்லையாம், சும்மா கேட்டுக்கொள்கிறாளாம்.

மன்சூர் அலி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். வெளியூர்க்காரர் ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்தார்.

“சார், நான் சொன்னது பொய்ங்க. வெலையைக் கொறைக்கச் சொன்னது. அந்தப் புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. குதிரை மாதிரி ஓடுவான்.”

அவர் கோபப்படவில்லை. சிரிக்கத்தான் செய்தார்.

“வாங்கறதுக்கு முன்னாடி நொண்டின்னீங்க. வாங்கினப்புறம் குதிரைங்கிறீங்க. எது நெசம்னு நான் யாரைங்க கேக்கறது? எனக்கு இருக்கறது ஒரே எடம்.”

என் பிள்ளைகள் மேல் சத்தியம் என்றார் மன்சூர் அலி. சாயம் போகாது என்று இந்த வாரம் எத்தனை புடவைக்கு அதே சத்தியத்தைச் செய்திருந்தாரோ, அவர் காதுக்கே அது வியாபாரம் போலத்தான் கேட்டது.

ஆட்டோ போய்விட்டது.

திரும்பி வந்தபோது சுப்பையன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடப்பாவி பாய்! அந்தாளு யாருன்னு காலையிலேயே எனக்குத் தெரியும். பய எப்படியும் மெட்ராஸ் போயிடுவான், வெறும் பேரை உங்க தலையில கட்டிட்டோம்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா ஆளையே நகர விடாம அடிச்சுட்டீங்களே! ஒங்க கால்ல விழணும்.”

அப்படியில்லை என்று சொல்லத்தான் மன்சூர் அலி வாயைத் திறந்தார்.

கலைவாணன் இனி எங்கும் போகமாட்டான். சீசன் முழுக்க இங்கேதான். இருபது கோல், மும்மூன்றாக அறுபது. கொடுத்த பதினைந்து போக நாற்பத்தைந்து.

வேண்டாம், வேண்டாம் என்று அவர் நினைப்பதற்குள் மனசு கழித்து முடித்து, விடையையும் சொல்லிவிட்டது.