புகழ்ந்தவனுக்கே கம்பளம்

“அண்ணே, அந்த முனையைக் கொஞ்சம் புடிங்க. சுருட்டித் தோள்ல போட்டுக்கிறேன்!”

முனையைப் பிடித்தான் பெஹ்ரூஸ். கை பிடித்தது, நெஞ்சோ துடித்தது. ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து கடல் கடந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்த கம்பளம், இதோ, பக்கத்து வீட்டுச் சமோவாக்காரன் மலாக்கியின் தோளேறிப் போகிறது!

குற்றம் யாருடையது? மலாக்கியினுடையதா? இல்லை! அந்தத் தெருவில் ஏழு மொழிகள் வேலி தாண்டி விருந்துண்டன. சீனத்துக் கறிக்கடைக்காரி இந்தியில் வைவாள். பஞ்சாபி ஓட்டுநர் சமோவா மொழியில் நலம் கேட்பார். அத்தகைய தெருவில், தேநீர் குடிக்க வந்த மலாக்கி, “என்ன அழகான கம்பளம்!” என்று பிழையற்ற பாரசீகத்தில் வியந்தான். தாய்மொழி கேட்டு உருகிய பெஹ்ரூஸின் வாய் தானாகத் திறந்தது.

“இது உன்னோடதுதான் தம்பி, எடுத்துக்கோ!”

பாரசீகர் வீட்டில் அது வெறும் உபசாரம். கேட்டவர் நெஞ்சில் கைவைத்து மறுத்துவிடுவார். சமோவா வீட்டிலோ, கொடுத்ததை மறுப்பது கொடுத்தவரை அவமதிப்பது! நாட்டைக் கடந்தான் பெஹ்ரூஸ், கடலைக் கடந்தான். நாவில் பூட்டிய சம்பிரதாய விலங்கை மட்டும் கழற்றவில்லை அந்த மனிதன்.

ஆறு மணிக்கு மனைவி மஹ்னாஸ் வந்துவிடுவாள். அவன் அம்மா கொடுத்த திருமணப் பரிசு அந்தக் கம்பளம். நாள் தவறாமல் தட்டித் துடைத்துக் கண்ணெனக் காப்பவள் அவள். வெறுந்தரையைக் கண்டால் வீடு தாங்குமா?

பளிச்சென்று பொறி தட்டியது. புகழ்ந்த பொருளைக் கொடுத்துவிடும் மரபில் வந்தவனல்லவா மலாக்கி! போன மாதம் யாரோ சட்டையைப் புகழ, நடுத்தெருவில் கழற்றிக் கொடுத்தவனாயிற்றே!

பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.

“மலாக்கி! ஆகா, என்ன அழகான கம்பளம்!”

மலாக்கி விழித்தான். “அண்ணே, இது நீங்க குடுத்ததுதானே?”

“யார் குடுத்தா என்னப்பா? உன் வீட்ல விரிச்சதும் அழகு கூடிப்போச்சு!”

“அப்போ எடுத்துக்குங்க. ஆனா, அண்ணி வந்து…”

“உங்கண்ணியை நான் பாத்துக்கிறேன். நீ தூக்கு!”

கம்பளம் வீடு திரும்பியது. வெறுங்கையோடு அனுப்புவானா சமோவாக்காரன்? உடன் ஒரு பாய் வந்தது. ஒரு கூடை சேப்பங்கிழங்கு வந்தது. இரண்டு தேங்காயும் உருண்டு வந்தன. போர் வென்ற வேந்தனைப் போல் கம்பளத்தின் நடுவே வீற்றிருந்தான் பெஹ்ரூஸ்.

கதவு திறந்தது. மஹ்னாஸின் கைப்பை நழுவி விழுந்தது.

“இது… இது எப்படி இங்கே?”

“வேற எங்கே போகும், மஹ்னாஸ் கண்ணே?” என்று சிரித்தான் அவன்.

கம்பளத்தின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள் அவள்.

“பதினோரு வருஷமா இதைத் தட்டித் தட்டி என் இடுப்பே போச்சு! உங்கம்மா குடுத்ததாச்சே, நானாத் தூக்கிப் போட முடியுமா? அந்த மலாக்கிக்கு அந்த ஒரு வரியைப் பாரசீகத்துல சொல்லிக்குடுக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு, தெரியுமா!”