கிட்டாருக்கு முன்னால் ஒரு செருமல்

“அந்தச் செருமலை எடுத்துடுங்கண்ணா. சேனல்ல ஒரே பேஜார்” என்றான் அச்சுதன், செருப்பைக் கழற்றும்போதே.

சீரியலுக்கு அவன் எடிட்டர். ஸ்டெபின் இசை. கதாநாயகி அழும்போதெல்லாம் ஒரு கிட்டார் வரும். அதற்கு முன்னால் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்கும்.

“அது இருக்கட்டும்ப்பா” என்றார் ஸ்டெபின்.

“நானே வெட்டியிருப்பேன். முதல் நோட்டோட ஒட்டிக்கினு வருது. புதுசா ஒரு தடவை வாசிச்சுக் குடுத்துடுங்க.”

“மாட்டேன்.”

“அடுத்த வாரம் வேற ஆளைப் போட்டுடுவாங்கண்ணா.”

“போடட்டும்.”

அச்சுதனுக்கு எரிச்சல் வந்தது. சுவரில் பழைய ராக் குழுவின் படம். நீள முடியோடு மூன்று பேர். காலேஜ் மேடைகளை அதிரவிட்டவர், இப்போது பீர்க்கன்கரணையில் ஒற்றை அறையில் தனியாக உட்கார்ந்து சீரியலுக்கு வாசிக்கிறார். கெத்து மட்டும் குறையவில்லை.

“சீரியல்தானேன்னு இளக்காரம். உங்களுக்கு இருக்கிறதே இது ஒண்ணுதாண்ணா.”

ஸ்டெபின் இருந்த ஒரே டம்ளரைக் கழுவப் போனார். மணி ஏழரை. போன் அடித்தது. ‘ஆபேல் அம்மா’ என்று காட்டியது.

“கை ஈரம். ஸ்பீக்கர்ல போடுப்பா.”

“ஸ்டெபின், இன்னைக்கு வேலைக்கு வந்துட்டாம்ப்பா” என்றது வயதான குரல். “நேத்து முழுக்கக் காணோமே, லீவா?”

“ஆமா ஆன்ட்டி. நேத்து அழுற சீன் இல்ல.”

“அந்தப் பொண்ணை நல்லா அழ வைக்கச் சொல்லு. இவன் செருமிட்டான்னா நான் டிவிய அணைச்சுடுவேன். மிச்சக் கதை எனக்கெதுக்கு?”

அந்த அம்மா சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

ஸ்டெபின் படத்தில் நடுவில் இருந்தவனைக் காட்டினார். “ஆபேல். அந்தக் கிட்டார் அவன் வாசிச்சதுதான். குரோம்பேட்டைல பைக் ஆக்சிடென்ட், ஒன்பது வருஷமாச்சு. பாடமாட்டான், அதிகம் பேசவும் மாட்டான். ரெக்கார்டிங்ல அவன் தொண்டையிலேர்ந்து வந்தது அந்தச் செருமல் ஒண்ணுதான்.”

“அந்த ரெக்கார்டிங்கையே அவங்ககிட்ட குடுத்துடலாமேண்ணா?”

“குடுத்தேன். தனியாப் போட்டுக் கேட்டா செத்துப்போனவன் குரலா இருக்காம். டிவில வந்தா, பிள்ளை தினமும் வேலைக்குப் போற மாதிரி இருக்காம்.”

டம்ளரில் டீயை அவனிடம் கொடுத்துவிட்டு, மீதியைப் பாத்திரத்தோடு குடித்தார்.

அச்சுதன் டீயை முடித்துவிட்டு எழுந்தான்.

“சேனலுக்கு என்ன சொல்லப் போற?”

“ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், என் காதுல எந்தச் செருமலும் விழலைன்னு சொல்லிக்கிறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டவன் வாசலில் நின்றான்.

“அம்மாகிட்ட சொல்லுங்கண்ணா. நாளைக்கு ஆபேலுக்கு ரெண்டு ஷிஃப்ட்.”